டிங்கி தண்ணீரிலேயே இருக்கட்டும்

அக்டோபர் 4, சனி

தினமும் நாலு வரியாவது எழுது என்று யாமினி போனில் சொன்னாள். தைப்பிங் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளை நாட்குறிப்பு எழுதச் சொல்லி விரட்டியவள் நான். நானாக ஒருநாளும் எழுதியதில்லை. இப்போது பெர்த்திலிருந்து மகள் எனக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறாள்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். போன மாதம் பதினான்காம் தேதி காலை, என் கணவர் குணாளன் டிங்கி என்கிற எங்கள் சின்னத் துணைப் படகில் ஏறி எதிர்க்கரைக் கிராமத்துக்கு ரொட்டியும் ஐஸும் வாங்கப் போனார். நாங்கள் இருவரும் தங்கிப் பயணம் போகும் எங்கள் படகு 'செம்பருத்தி' இப்போது நிற்கும் இதே குடாவில்தான் அன்றும் நங்கூரம் போட்டு நின்றது. லங்காவிக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவு. இங்கிருந்து பார்த்தால் கடையின் தகரக் கூரை தெரியும். அவ்வளவு பக்கம். சாயங்காலம் பாக் ஹம்சா என்கிற மீனவர் டிங்கியை மட்டும் வெளிக்கடலில் கண்டு இழுத்துவந்தார். எண்ணெய் தீரும்வரை இன்ஜின் தானாக ஓடியிருக்கிறது. ஆள் இல்லை.

இன்ஜினிலிருந்து ஒரு சிவப்புச் சுருள் கயிறு தொங்கும். ஓட்டுகிறவர் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். அந்தக் கயிறு மாட்டப்படவே இல்லை என்று போலீஸ் அதிகாரி சொன்னார். என் கணவர் எப்போதும் மாட்டுவார். பெரும்பாலும் மாட்டுவார்.

தேடுவதை நேற்றோடு நிறுத்திவிட்டார்கள். டிங்கியைக் கொண்டுவந்து படகின் பின்னால் கட்டிவிட்டுப் போனார்கள்.

இன்று ஈப்போவிலிருந்து கொழுந்தன் தயாளன் வந்தான். என்னையும் படகையும் பினாங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக யாமினிதான் அனுப்பியிருக்கிறாள். முதல் வாரம் அவள் இங்கே என்னோடு இருந்தாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு எத்தனை நாள் இருக்க முடியும்?

தயாளன் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பின்தளத்தில் நின்று டிங்கியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, இத மேல ஏத்திடலாமா? கெளம்பறதுக்கு வசதியா இருக்கும்."

"இப்ப வேணாம். தண்ணியிலயே இருக்கட்டும்."

படகின் மேல்தளத்தில் டிங்கிக்கென்று இரண்டு மரத் தாங்கிகள் இருக்கின்றன. பக்கத்தில் சின்னக் கிரேன். படகு பயணம் கிளம்பினால் டிங்கி மேலே போகும். நங்கூரம் போட்டால் கீழே வரும். அவர் வகுத்த முறை அது. கப்பல் இன்ஜினியராக இருந்தவர், எதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் அவருக்கு. படகு நிற்கிறது, அதனால் டிங்கி தண்ணீரில் இருக்கிறது. இதில் தயாளனுக்கு என்ன புரியவில்லை என்று தெரியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

டிங்கியைக் கழுவினேன். போலீஸ்காரர்களின் பூட்ஸ் அடையாளம் உள்ளே முழுக்க இருந்தது. அடியில் பாசி பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். உப்புத் தண்ணீரில் சும்மா கிடந்தால் கெட்டுவிடும் என்று அவர் சொல்வார். எண்ணெய் டப்பாவையும் நிரப்பி வைத்தேன்.

தயாளன் கிரேனைச் சோதிக்கப் போனான். பேட்டரி பலவீனமாக இருக்கிறது, தொடாதே என்றேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு வந்து சொன்னான். குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டான்.

பழக்கத்தில் எனக்கும் அவருக்குமாக இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தேன். தயாளன் உட்கார்ந்ததும் சரியாகப் போயிற்று.

அக்டோபர் 6, திங்கள்

மழை. டிங்கியிலிருந்து வாளியால் தண்ணீர் இறைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

இங்கே கடல் ஏறி முடிந்து வற்றத் தொடங்குமுன் கொஞ்ச நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கும். சாயங்காலம் அந்த நேரத்தில் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். படகின் இடது பக்கத்தில் மெதுவாக ஒரு முட்டு.

அவர் திரும்பி வரும்போது தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுவார். டிங்கி தானாக மிதந்து வந்து ஏணிக்குப் பக்கத்தில் மூக்கை வைக்கும். கூப்பிட மாட்டார். அந்த முட்டைக் கேட்டு நான் வெளியே போவேன், அவர் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்.

போய்ப் பார்த்தேன். டிங்கி ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதைக் கட்டியிருந்தது பின்புறத்தில். கயிறு நீளம், அதனால் வந்திருக்கலாம். நின்ற தண்ணீரில் எது எந்தப் பக்கம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஏணியில் இறங்கி அதன் முனையில் கை வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். தயாளன் மேலே வந்து, "யாரு அண்ணி?" என்று கேட்டான்.

அவனும் கேட்டிருக்கிறான். யாருமில்லை என்றேன்.

அக்டோபர் 8, புதன்

பாக் ஹம்சா மீன் கொண்டுவந்தார். இந்தக் குடாவில் வலை போடுகிற வயதானவர். முன்பெல்லாம் பின்தளத்தில் வந்து கட்டுவார். இன்று சுற்றிக்கொண்டு முன்பக்கமாக வந்தார். டிங்கி இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை.

எவ்வளவு கேட்டும் மீனுக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. அவர் பேசுவது மலாய், எனக்கு நன்றாகவே வரும்.

"அம்மா, அந்தச் சின்னப் படகை மேலே தூக்கி வையுங்கள்," என்றார்.

"ஏன்?"

"அன்றைக்கு அதை நான் இழுத்துவந்தேன். காலிப் படகு லேசாக வர வேண்டும். அது லேசாக வரவில்லை. அதற்கு மேல் கேட்காதீர்கள்."

மழைத் தண்ணீர் நிறைந்திருக்கும் என்றேன். அன்று மழை இல்லை என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டார்.

மீன் நல்ல மீன். புளி கரைத்துக் குழம்பு வைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

யாமினி வாங்கிக் கொடுத்த தூக்க மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. படுத்தால் ஏழு மணிக்குத்தான் விழிப்பு வருகிறது. ஆனால் விடிகாலைக் குளிர் இங்கே அதிகம். கடல்மேல் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். படுக்கப் போகுமுன் ஒரு ஃபிளாஸ்க்கில் கோப்பி ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, பின்தளத்துப் பெஞ்சில் வைத்தேன். இருந்தால் யாருக்காவது ஆகும்.

அக்டோபர் 10, வெள்ளி

ஃபிளாஸ்க் காலி.

காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தேன். மூடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பிறகு டிங்கியை இழுத்து இன்ஜின் மூடியில் கை வைத்தேன். வெயில் இன்னும் குடாவுக்குள் வரவில்லை. மூடி வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுக்காமல் வெகுநேரம் இருந்தேன்.

தயாளன் அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரை மயக்கம் என்பான். யாமினிக்குப் போன் போட்டுச் சொல்வான்.

அக்டோபர் 11, சனி

இன்றும் காலி. எண்ணெய் டப்பாவிலும் குறைந்திருக்கிறது. மறுபடி நிரப்பினேன்.

தலைக்குக் குளித்து, அவருக்குப் பிடித்த பச்சைக் கைத்தறிப் புடவையைக் கட்டினேன். தயாளன் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நன்றாகச் சாப்பிட்டேன். அவன் கண்கள் சிவந்திருந்தன. சரியாகத் தூங்குவதில்லை போலிருக்கிறது. என் மாத்திரையில் பாதி தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றான்.

யாமினி போன் பண்ணினாள். குழந்தை எழுந்து நிற்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு, "அம்மா, காரியம் எப்ப வச்சுக்கலாம்? பினாங்குல ஐயர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். உடம்பு இல்லாட்டியும் தர்ப்பையில உருவம் செஞ்சு வச்சுப் பண்ணலாமாம்," என்றாள்.

குழந்தைக்குச் செருப்பு வாங்கிவிட்டாயா என்று கேட்டேன். அவள் இன்னும் இல்லை என்றாள்.

அக்டோபர் 13, திங்கள்

தயாளனுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம்.

ரேடியோவில் வானிலை கேட்டான். மேற்கிலிருந்து சுமத்ரா காற்று இந்த வாரம் வரலாம் என்கிறார்கள். விடியும் நேரத்தில் திடீரென்று கிளம்பி வருகிற காற்று அது. ஒருமணி நேரம் அடித்துப் புரட்டிவிட்டுப் போய்விடும். இந்தக் குடா மேற்கே பார்த்துத் திறந்து கிடக்கிறது, இங்கே இருப்பது சரியில்லை என்றான். தீபாவளிக்குள் வந்துவிடுங்கள் என்று அவன் மனைவியும் தினமும் கேட்கிறாளாம்.

"நீ போய்ட்டு வா, தயா. நான் இருக்கேன்."

"உங்கள விட்டுட்டு எப்படி அண்ணி போறது?"

"அப்ப இரு."

"எதுக்கு இருக்கறோம்னு ஒரு வாட்டி சொல்லுங்க. நான் இருக்கேன்."

"இந்த எடத்துலதான் படகு நிக்குதுன்னு அவருக்குத் தெரியும். நாம பாட்டுக்கு நகந்துட்டா எங்கன்னு தேடுவாரு?"

தயாளன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத் தொடை நடுவில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். தோளும் பின்கழுத்தும் அண்ணனுடையதேதான்.

"அத மேல ஏத்திடுங்க அண்ணி," என்றான் கடைசியில். "உங்களுக்காக மட்டும் கேக்கல."

வேறு யாருக்காக என்று நான் கேட்கவில்லை. குக்கர் விசில் அடித்தது, எழுந்து போய்விட்டேன்.

ஃபிளாஸ்க்கில் கோப்பி ஊற்றி வைத்தாயிற்று.

அக்டோபர் 15, புதன்

நேற்று எழுத முடியவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நேற்று இடிச் சத்தத்தில் விழித்தேன். வெளியே விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நங்கூரச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தது. பின்தளத்துக்கு ஓடினேன். டிங்கி இல்லை. கயிறும் இல்லை. ஃபிளாஸ்க்கும் இல்லை.

வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதுதான் முதலில் தோன்றியது. மழை முகத்தில் அடிக்கிறது, நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

தயாளனிடம் சொல்ல வேண்டும் என்று அவன் அறைக் கதவைத் திறந்தேன். படுக்கை காலி. கதவுக்குப் பின்னால் தொங்கிய அவருடைய ஆரஞ்சு மழைக்கோட்டும் இல்லை.

அந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் எழுந்து போனது அவன். கோப்பி குடித்தது அவன். இன்ஜின் சுட்டது அவனால். நான் மாத்திரை போட்டுக்கொண்டு கட்டைபோலக் கிடந்திருக்கிறேன். இப்போது இந்தக் காற்றில் அவன் வெளியே இருக்கிறான்.

ரேடியோவில் கூப்பிட்டேன். ஒரே இரைச்சல். பாக் ஹம்சாவின் படகு கரையில் ஏற்றிக் கிடந்தது, யாரும் இல்லை.

ஸ்டீரிங் பிடிக்க எனக்குத் தெரியும். அவர் கட்டாயப்படுத்திக் கற்றுக்கொடுத்தார். நங்கூரம் எடுப்பது மட்டும் எப்போதும் அவர் வேலை. முன்தளத்தில் அதற்கு மோட்டார் இருக்கிறது, காலால் பொத்தானை மிதித்தால் சங்கிலி ஏறும். மிதித்தேன். முனகியது, ஏறவில்லை. ஒரு மாதமாகச் சேற்றில் புதைந்த நங்கூரம். ஓடிவந்து படகைக் கொஞ்சம் முன்னால் விட்டேன், திரும்ப ஓடிப்போய் மிதித்தேன். இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். முழங்கால் கிழிந்தது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் அடியில் ஏதோ விட்டுக்கொடுத்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் காற்றோடு நகர ஆரம்பித்தது.

ஸ்டீரிங்குக்குத் திரும்பி வரும்போது ஒரு தடவை நின்றேன். நாம் போய்விட்டால் அவர் வந்து பார்த்தால் என்ன செய்வார் என்று நினைத்தேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். தயாளன் தண்ணீரில் இருக்கும்போது நான் நின்று யோசித்தது அதைத்தான். பிறகு கியரைப் போட்டேன்.

குடாவின் வாயைத் தாண்டியதும் அலை முன்கண்ணாடி வரை ஏறியது. மழை வெள்ளையாக இறங்கியது, எதுவும் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து, தீவின் முனையைச் சுற்றி மெதுவாகப் போனேன். ஏதோ ஓர் இடத்தில் மழை சற்று விலகியது. அங்கே டிங்கி.

விளிம்புவரை தண்ணீர் நிரம்பித் தாழ்ந்து கிடந்தது. நடுவில் ஆரஞ்சுக் கோட்டு. துடுப்பைக் குத்தி டிங்கியின் மூக்கை அலைக்கு நேராக வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் தோள். அந்தப் பின்கழுத்து.

"என்னங்க," என்று கத்தினேன். தொண்டை கிழியும்படி கத்தினேன். "என்னங்க."

கோட்டு திரும்பியது.

"அண்ணி, நான் தயா," என்றான். "நான் தயா, அண்ணி."

இவ்வளவு நாளும் யாரும் எனக்கு அவர் இல்லை என்ற செய்தியைச் சொல்லவில்லை. போலீஸ்காரர் சொன்னார், யாமினி சொன்னாள், ஆனால் சொல்லவில்லை. அவன் சொன்னபோதுதான் எனக்குக் கேட்டது.

காற்று வருகிற பக்கத்தில் படகை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, தானாக அவனை நோக்கித் தள்ளப்பட விட்டேன். ஓடுகிற இன்ஜினோடு தண்ணீரில் இருப்பவர் பக்கம் போகக் கூடாது. ஏணியை இறக்கினேன். டிங்கி மேலே எழும்பிப் படகின் உயரத்துக்கு வந்தது, அடுத்த நொடி ஆழத்துக்குப் போனது. அவன் எழுந்து நின்று டிங்கியின் கயிற்றைச் சுருட்டி என்னிடம் நீட்டினான். உதடு நீலமாக இருந்தது.

"இதப் பிடிங்க மொதல்ல. விட்டா போயிடும்."

"கயிறு வேணாம். கையக் குடு."

"அண்ணனோட டிங்கி, அண்ணி."

"கையக் குடு, தயா."

அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். பிறகு கையைக் கொடுத்தான். இன்னொரு கையில் சுற்றியிருந்த கயிறும் அவனோடு மேலே வந்தது. டிங்கி போகவில்லை.

தீவுக்குக் கிழக்கே இன்னொரு சின்னத் தீவின் மறைவில் காற்று படவில்லை. அங்கே போய் நங்கூரம் போட்டேன். முதல் முறையாக நானே போட்டேன். அவனுக்குத் துண்டும் போர்வையும் கொடுத்துச் சுடுதண்ணீர் வைத்தேன். பல் கிட்டிப் போயிருந்தது, வெகுநேரம் பேச்சு வரவில்லை. வந்தபோது எல்லாவற்றையும் சொன்னான்.

வந்த இரண்டாம் நாளிலிருந்தே போயிருக்கிறான். என்னை எழுப்பாமல் முனைவரைக்கும் துடுப்புப் போட்டு, அதற்கப்புறம்தான் இன்ஜினைக் கிளப்புவானாம். சதுப்பு மரங்களின் வேர்களுக்கு இடையில், பாறை இடுக்குகளில், தீவு தீவாக. போலீஸ் பார்த்த இடங்களைத் திரும்பவும். நேற்று வழக்கத்தைவிடத் தூரம் போய்விட்டான். காற்று வந்ததும் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டது.

"எதாச்சும் கெடைக்கும்னு நெனச்சேன். ஒரு சட்டையாவது. நெதமும் இன்னைக்கு ஒருநாள்தான்னு சொல்லிக்கிட்டுப் போவேன். டிங்கி அங்க மெதந்துக்கிட்டே இருக்கும்போது என்னால படுத்துக் கெடக்க முடியல. அதான் மேல ஏத்துங்கன்னு சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். "உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்கதானே எண்ணெய் ஊத்தி வச்சீங்க. எனக்குன்னு கோப்பி போட்டு வச்சீங்க. அந்தக் குளிருல அது இல்லாட்டி நான் தொடர்ந்து போயிருக்கவே முடியாது. அண்ணிக்கும் தேடணும்னு இருக்கு, வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வயது. போர்வைக்குள் கூனிக்கொண்டு இருந்தான். நான் வைத்த கோப்பியைக் குடித்துவிட்டுத்தான் இவன் ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போயிருக்கிறான்.

"ஆமா," என்றேன். "ஒனக்குத்தான் வச்சேன்."

மத்தியானம் கடல் படுத்துவிட்டது. "தயா, ஏத்திடலாம்," என்றேன்.

நீ கயிற்றை மட்டும் பிடி, கிரேனை நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். டிங்கியைப் பின்தளத்தோடு சேர்த்து இழுத்து வாளியால் இறைத்தோம். இறைக்க இறைக்க அடியில் தண்ணீர் இருந்தது. நாலு மூலையிலும் உள்ள வளையங்களில் கயிறுகளைக் கோர்த்து, நடுவில் கிரேன் கொக்கியை மாட்டினேன். இன்ஜினை மேலே மடக்கிப் பூட்டினேன். பொத்தானை அழுத்தியதும் கயிறுகள் விறைத்தன. டிங்கி தண்ணீரை விட்டு ஒரு முழம் எழும்பியது. அங்கே நிறுத்தினேன்.

அப்படியே முழுக்க ஏற்றக் கூடாது. உள்ளே மிச்சம் இருக்கும் தண்ணீரின் பாரம் கிரேனை வளைத்துவிடும். பின்பக்கம் அடியில் ஒரு அடைப்பு இருக்கிறது, அதைத் திருகி எடுத்து வடியவிட்டுத்தான் தூக்க வேண்டும். குனிந்து கையை நீட்டி அடைப்பைத் திருகினேன். தண்ணீர் குபுகுபுவென்று என் கைமேலும் மடிமேலும் கொட்டியது. வெயிலில் இருந்த தண்ணீர், சூடாக இருந்தது. மாற்றிக் கட்டியிருந்த பச்சைப் புடவை முழுக்க நனைந்தது. நகர்ந்திருக்கலாம், நான் நகரவில்லை. அவ்வளவு இறைத்த பிறகும் அதற்குள் இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கொட்டிக்கொண்டே இருந்தது. தயாளன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், என்னைக் கூப்பிடவில்லை. நான் அழுது முடிக்கும்வரை அவன் கயிற்றை விடவில்லை. டிங்கியும் எங்களுக்கு நடுவில் ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் சொட்டுச் சொட்டாக வடிந்து நின்றது. மேலே ஏறிப் பொத்தானை அழுத்தினேன். லேசாக எழும்பி வந்தது. ஒரு தடவை காற்றில் திரும்பி என் பக்கம் மூக்கை நீட்டியது. தயாளன் கயிற்றை இழுத்து நேராக்கினான். தாங்கிகளின் மேல் அங்குலம் அங்குலமாக இறக்கினேன். மரத்தில் உட்கார்ந்ததும் கயிறுகள் தளர்ந்தன. பட்டைகளைக் குறுக்கே போட்டு நாங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் இறுக்கினோம்.

"இன்னும் இறுக்கவா அண்ணி?"

"போதும். வலிக்கப் போகுது," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவன் சரி என்று பட்டையை அப்படியே விட்டான்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் கிளம்பினோம். தயாளனுக்குக் காய்ச்சல், கீழே படுத்திருக்கிறான். ஸ்டீரிங் என்னிடம். கடல் எண்ணெய்போல் கிடக்கிறது. பாக் ஹம்சா தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். தலையிலிருந்த துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கடந்து போகும்வரை அப்படியே நின்றார்.

மாலையில் பினாங்கு.

அக்டோபர் 17, வெள்ளி

யாமினிக்குப் போன் பண்ணி, கிளம்பி வா என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

குழந்தையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு யாமினி மட்டும் வந்தாள். படகுத் துறையில் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாள். தயாளனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஊருக்குப் போகச் சொன்னேன், காரியம் முடியட்டும் என்கிறான். அவன் மனைவி நாளை இங்கேயே வருகிறாள். இந்த வருஷம் யாருக்கும் தீபாவளி இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாமினியைக் காணவில்லை. கீழே எல்லா அறைகளிலும் தேடினேன். மேல்தளத்துக்கு ஏறிப் பார்த்தால் டிங்கிக்குள் உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"எறங்கு, பட்டை அந்து போகும்," என்றேன்.

"நீயும் வாம்மா."

அறுபத்து மூன்று வயதில் தாங்கிமேல் கால் வைத்து ஏறி அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் துறையில் நிற்கும் எல்லாப் படகுகளின் கூரையும் தெரிந்தது. கீழே யாரோ தளம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாலத்துப் பக்கமிருந்து வாகன இரைச்சல்.

"அப்பாவுக்கு வலிச்சிருக்குமாம்மா?"

"தெரியல," என்றேன். இதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. "தண்ணி சூடாத்தான் இருந்திருக்கும்."

தயாளன் எங்களைத் தேடிக்கொண்டு மேலே வந்தான். கொஞ்சநேரம் நின்று பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவனும் ஏறினான். நாங்கள் இருவரும் நகர்ந்து இடம் விட்டோம். மூன்று பேருக்கு அந்த இடம் போதவில்லை. யாமினியின் முழங்கை என் விலாவில் குத்தியது. தயாளன் பாதி வெளியே உட்கார்ந்திருந்தான்.

"வெள்ளிக்கிழமை ஐயர வரச் சொல்லட்டுமா?" என்று யாமினி கேட்டாள்.

"சொல்லு," என்றேன். "உங்கப்பாவுக்குப் புளியோதரை பிடிக்கும். நானே செஞ்சிடறேன்."

வெயில் இறங்கும்வரை அப்படியே நெருக்கிக்கொண்டு இருந்தோம். பின்பக்கம், இன்ஜினுக்குப் பக்கத்து இருக்கை முழுக்கக் காலியாகத்தான் இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேரில் ஒருவர்கூட அதில் போய் உட்காரவில்லை.